சேலையை வெட்டலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மிச்சிகனில் குடியேறிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு மதுரையில் அம்மா காலமானபோது, அவர் வீட்டில் உடுத்திய கைத்தறிப் பருத்திச் சேலைகளில் ஆறினை எடுத்து வந்தேன். அவற்றில் இரண்டு சுங்குடி. இந்தச் செப்டம்பரில் எங்கள் ஊர் நூலகத்தில் கூடும் க்வில்ட் (துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) குழு ஒன்றில் சேர்ந்தேன். இலையுதிர்கால நிறங்களில் துணிகளை ஆசை ஆசையாக வாங்கினேன். மரங்கள் மொட்டையாவதற்குள் ஒரு க்வில்ட்டை முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. அக்டோபர் முடியப்போகிறது. கையில் இருப்பவை இரண்டே இரண்டு மேப்பிள் இலைக் கட்டங்கள். குழுவில் பலரும் இயந்திரத்தில் தைத்து முடித்துவிட்டார்கள். அம்மாவின் சேலைகளையும் சதுரங்களாக வெட்டிச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேலை மிகவும் மெல்லியது, தாங்காது என்று ஒருவர் எச்சரிக்கிறார். கத்திரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வெட்டலாமா? கையால்தான் தைப்பேன் என்பது வெறும் பிடிவாதமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வெட்ட வேண்டாம். சேலை புனிதமானது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தத் துணியின் இயல்பு அப்படி என்பதால் சொல்கிறேன்.

சேலை தாங்காது என்று சொன்னவர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்க ஒட்டுத்துண்டுத் தையலில் இரண்டு துண்டுகளை இணைக்கும்போது விளிம்பில் கால் அங்குலம் மட்டுமே விடுவது வழக்கம். அதற்கென்று விற்கப்படும் பருத்தித் துணி நெருக்கமான நெசவு கொண்டது என்பதால் அந்தக் கால் அங்குலத்தில் உறுதியாக நிற்கும். பல ஆண்டுகள் துவைத்துக் கட்டிய கைத்தறிச் சேலையோ வெட்டிய இடத்திலிருந்து இழை இழையாகப் பிரிந்துகொண்டே வரும். நான்கு முறை துவைப்பதற்குள் அந்தக் கால் அங்குலம் காணாமல் போய், தையல் வாயைப் பிளக்கும். மேலும், பழைய சேலை எல்லா இடத்திலும் ஒரே அளவு பழையதாக இருப்பதில்லை. காலை பத்து மணி வெயிலில் ஒரு சேலையைச் சன்னலில் தொங்கவிட்டுப் பாருங்கள். இடுப்பில் செருகிய உள்முந்திப் பக்கம் வெளுத்திருக்கும். தரையில் உரசிய கரை ஓரம் நைந்திருக்கும். கொசுவம் விழுந்த பகுதியில் மடிப்புக் கோடுகள் சல்லடையாகத் தெரியும். முந்தானை மட்டும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். இதைச் சதுரங்களாக வெட்டிக் கலந்தால், வலுவான துண்டு அருகிலிருக்கும் நைந்த துண்டை இழுத்துக் கிழித்துவிடும்.

மெல்லிய பழந்துணியை என்ன செய்வது என்று வங்காளத்துப் பெண்கள் நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டார்கள். அவர்களுடைய காந்தா வேறொன்றுமில்லை, நம்முடைய ‘கந்தை’தான், கசக்கிக் கட்டச் சொன்ன அதே கந்தை. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழஞ்சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே முழுப்பரப்பிலும் ஓட்டுத் தையல் போடுவார்கள். தனித்தனியே கிழியக்கூடிய அடுக்குகளை ஆயிரக்கணக்கான சிறு தையல்கள் ஒன்றையொன்று தாங்க வைக்கின்றன. நைந்த இடத்துக்கு நேர் கீழே இன்னோர் அடுக்கின் நல்ல இடம் வந்துவிட்டால் போதும். குளிருக்குப் போர்த்துவதற்கென்றே கனமாகத் தைக்கப்படும் காந்தாவுக்கு ‘லேப்’ என்று தனிப்பெயர் உண்டு.

கணக்கும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் 1.8 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும், சேலையின் அகலமும் கொண்ட மூன்றடுக்குப் போர்வை, ஒரு வெட்டும் இல்லாமல் கிடைத்துவிடுகிறது. மிச்சிகன் குளிருக்கு அது போதாது என்றால், ஒரு சேலையை மேலுக்கும் ஒன்றைக் கீழுக்கும் இரண்டிரண்டாக மடித்து, நடுவில் க்வில்ட்டுக்கென்று விற்கும் மெல்லிய பருத்திப் பஞ்சுவிரிப்பை வையுங்கள். பாலியெஸ்டர் விரிப்பு வேண்டாம். அதன் இழைகள் நாளாவட்டத்தில் மெல்லிய சேலை நெசவின் வழியே வெளியே எட்டிப் பார்க்கும்.

அப்படியென்றால் இறந்தவரின் உடையை வெட்டித் தைப்பதே தவறா என்று கேட்பீர்கள். இல்லை. அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் சிற்றூர் இருக்கிறது. 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் வரை சென்ற க்வில்ட்கள் அவ்வூர்ப் பெண்கள் தைத்தவை. அங்கே மிசூரி பெட்வே என்பவர் 1942-இல், கணவர் இறந்த துயரத்தில், அவருடைய வேலையுடைகளை எடுத்து ஒரு க்வில்ட்டாக்கினார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காக அதன் அடியில் படுத்துக்கொள்ளவும் அதைச் செய்வதாகத் தாய் சொன்னதை மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் வயல் வேலைக்கான உடைகள் கனத்த துணியில் ஆனவை. முழங்கால் வெளுத்த தடமும், பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மங்காமல் நின்ற அடர்நீலமும் அவ்வூரின் வேலையுடைக் க்வில்ட்களில் அப்படியே தெரியும். அந்தத் துணி வெட்டுவதற்கு இடம் கொடுத்தது. உங்கள் அம்மாவின் சேலை மடிப்பதற்கு இடம் கொடுக்கிறது. துணி சொல்வதைக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

இனி பருவம். இலைகள் உதிர்வதற்குள் முடிப்பது என்ற உங்கள் கணக்குதான் உங்களைச் சோர்வடையச் செய்திருக்கிறது. கைத்தையலுக்கு இலையுதிர்காலம் தொடங்குவதற்கான காலம். முடிப்பதற்கு முழுக் குளிர்காலமும் இருக்கிறது. காரணம் வெளிச்சம். செப்டம்பர் பிற்பகுதியில் உங்கள் ஊரில் பன்னிரண்டு மணி நேரம் பகல் இருக்கும், அக்டோபர் முடிவில் அது சுமார் பத்தரை மணி நேரமாகிவிடும், டிசம்பரில் ஒன்பதுதான். நவம்பரின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும், நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் இருட்டியிருக்கும். ஆகவே நிறம் பார்ப்பது, நைந்த இடம் தேடுவது, அடுக்குகளைத் தரையில் விரித்துச் சுருக்கமில்லாமல் நீவித் தற்காலிக நூலோட்டம் போடுவது ஆகிய மூன்றையும் எஞ்சியிருக்கும் சனி, ஞாயிறுப் பகல்களில் முடித்துவிடுங்கள். மஞ்சள் விளக்கில் அரக்கும் காப்பிப் பொடி நிறமும் ஒன்றாகத் தெரிந்து ஏமாற்றும். நூலோட்டம் முடிந்துவிட்டால், பிறகு வேண்டியது கண்ணைவிட விரலின் பழக்கமே. விளக்கடியில் எவ்வளவு நேரமும் தைக்கலாம். அப்போதும் வெளிர்நிறப் பகுதிகளை இரவுக்கும், அடர்நிறப் பகுதிகளை விடுமுறைப் பகலுக்கும் ஒதுக்குங்கள்.

கையால் தைப்பது பிடிவாதமா என்று கேட்டீர்கள். இயந்திரத்தின் மீது எனக்குக் கோபமில்லை; என் மகளின் கட்டில் விரிப்பு இயந்திரத்தில் தைத்ததுதான். ஆனால் நைந்த சேலையில் இயந்திர ஊசி ஒரே கோட்டில் நெருக்கமாகத் துளையிட்டுக்கொண்டே போகும், பழந்துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். கை ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது. குட்டையான க்வில்ட் ஊசி வாங்குங்கள். எண் கூடக்கூட ஊசி சன்னமாகும் என்பதால் பத்தாம் எண் உங்களுக்குப் போதும். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நடுவிரலில் விரலுறை போட்டு ஊசியைத் தள்ளுங்கள். மற்றக் கை அடியிலிருந்து ஊசி முனையைத் தொட்டுணர்ந்து மேலே திருப்பிவிட வேண்டும். அங்குலத்துக்கு ஐந்து தையல் விழுந்தால் தொடக்கத்துக்கு அதுவே நிறைவு. தேர்ந்தவர்கள் பத்துக்கு மேல் போடுவதைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

அடியில் இருக்கும் விரல் குத்துப்படும். ரத்தத் துளி துணியில் பட்டால் உடனே அந்த இடத்தில் உங்கள் எச்சிலைத் தொட்டு வையுங்கள். பிறகு குளிர்ந்த நீர், வெந்நீர் கூடவே கூடாது. நாகரிகமான யோசனையாகத் தோன்றாது என்று தெரியும், ஆனால் க்வில்ட் தைப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் விரல் நுனி வெடிக்கும், வெடித்த தோல் நூலைப் பற்றி இழுக்கும். தேங்காய் எண்ணெய் நல்லது, ஆனால் படுக்கப்போகும் முன் தடவுங்கள், தைக்க உட்காரும் முன் அல்ல.

இரண்டு மேப்பிள் இலைகள் வீணாகிவிட்டன என்று வருந்தாதீர்கள். போர்வையின் பின்பக்க மூலையில் ஒன்றை வைத்துத் தைத்து, அதன் வெற்றுச் சதுரத்தில் அம்மாவின் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதிவிடலாம். மற்றொன்றில் ஊசி செருகி வைக்கும் சிறு திண்டு செய்யலாம். மீதித் துணியைப் பத்திரமாக மடித்து வையுங்கள். அடுத்த செப்டம்பர் வராமலா போய்விடும்.

கடைசியாக அந்தச் சுங்குடிகள். எதையும் அடுக்குவதற்கு முன், சேலையின் ஓர் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். என் முதல் முயற்சியில் இதைச் செய்யாமல் அரக்குச் சேலை ஒன்றை வெள்ளைப் பின்துணியோடு சேர்த்துத் தைத்துத் துவைத்தேன். அந்தப் பின்துணி இன்றுவரை ரோஜா நிறத்தில்தான் இருக்கிறது. அதுதான் திட்டம் என்று விருந்தினர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். சாயம் இறங்கினால், நீர் தெளியும் வரை அதைத் தனியாக அலசுங்கள். கஞ்சி இருந்தால் அதுவும் அப்போதே போய்விடும். தெளியவே இல்லையென்றால் அந்தச் சேலையை மட்டும் போர்வையில் சேர்க்காமல் விட்டுவிட்டு, மற்ற ஐந்தில் தொடங்குங்கள்.

அன்புடன்.