முன் ஃபோர்க்கில் ஆயில் சீலை மாற்றியும் மீண்டும் கசிவது ஏன்?

ஆறு மாதங்களுக்கு முன்பு மாற்றிய, பைக்கின் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு கால்கள்) ஆயில் சீல் (உள்ளிருக்கும் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மறுபடியும் கசிகிறது, இன்னொரு முறை சீலை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு குறுகிய காலத்தில் கசிவு திரும்பினால், புதுச் சீல் வாங்குவதற்கு முன் அது உரசி ஏறி இறங்கும் பைப்பைப் பார்த்தாக வேண்டும்.

என்னுடைய 150 சிசி வண்டிக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை சீல் மாற்றினேன். இரண்டு முறையும் பட்டறையில் பைப்பைத் துணியால் துடைத்துவிட்டு அப்படியே பூட்டித் தந்தார்கள். மூன்றாம் முறை நானே கழற்றி, பைப்பை வெயிலில் பிடித்து விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தபோது, டஸ்ட் சீல் (ஆயில் சீலுக்கு மேலே தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் மூடி) இருக்கும் இடத்துக்கு மூன்று விரற்கடை மேலே நகம் தட்டி நின்றது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு துருப்புள்ளி. வீடு கடலுக்கு அருகில் இருப்பதால் உப்புக் காற்றில் குரோம் பூச்சு அந்த இடத்தில் பெயர்ந்திருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் கூர்முனை சீலின் ரப்பர் உதட்டைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. புள்ளி மேலோட்டமாக இருந்தால் 2000 எண் வாட்டர் பேப்பரை (மிக நுண்ணிய உப்புத்தாள்) எண்ணெயில் நனைத்து, பைப்பைச் சுற்றிய வாக்கில் தேய்த்து முனையை மழுக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல்களே எண்ணெய்க்கு வழியாகிவிடும். என்னுடையதில் பள்ளம் ஆழமாக இருந்ததால் பைப்பையே மாற்றினேன். சீல் ஏறி இறங்கும் எல்லைக்கு மேலே உள்ள துருவால் கசிவு வராது என்பதால், அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

பைப்பில் குறை எதுவும் தென்படாவிட்டால், சீலின் உதட்டில் மண் சிக்கியிருக்கக்கூடும். டஸ்ட் சீலை நெம்பி மேலே தள்ளி, பழைய கேமரா ஃபிலிமை முனையில் கொக்கி போல வெட்டி, பைப்புக்கும் சீலுக்கும் இடையில் செருகி ஒரு சுற்று சுற்றி வெளியே இழுத்தால், கறுப்பு மண் அதனோடு வரும். பிறகு பைப்பைத் துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலைப் பத்து முறை அழுத்திப் பாருங்கள். எண்ணெய் வளையம் மீண்டும் படியவில்லை என்றால் கழற்றும் வேலையே மிச்சம்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பைப்பின் மேல் விளிம்பு புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிடும் என்பதால், விளிம்பின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, எண்ணெய் தடவி, சீலின் உள்ளே மெல்லிய வளைய ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே இருக்குமாறு இறக்க வேண்டும். சீலைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையமான சர்க்ளிப் உட்காரும் காடி முழுதாகத் தெரியும் வரை சீல் இறங்கியிருக்க வேண்டும். ஃபோர்க் ஆயிலை வண்டியின் கையேட்டில் உள்ள மி.லி. கணக்குப்படி அளந்தே ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் எண்ணெய் தாண்டிவிடும்.

உங்கள் வண்டியில் முன்புறம் டிஸ்க் பிரேக் இருந்தால், இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கசியும் எண்ணெய் பைப்போடு வழிந்து பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு வந்துவிட்டால், மழை நாளில் பிரேக் பிடிக்காமலே போகும். எண்ணெய் ஊறிய பேடைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும்; டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனரால் துடைத்துக்கொள்ளலாம்.

சக்கரத்தை மாட்டும்போது ஆக்சிலை (சக்கரத்தின் அச்சு) ஃபோர்க் காலோடு இறுக்கும் பக்கவாட்டு போல்ட்டைக் கடைசியாக, ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்திவிட்ட பிறகே இறுக்குங்கள். இரண்டு கால்களும் ஒரே நேராக அமராமல் இறுகினால், பைப் ஒருபக்கமாகச் சாய்ந்து புதுச் சீலைத் தின்னத் தொடங்கிவிடும்.