அப்பா வெளியே, மகன் உள்ளே

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, அப்பாவுக்குப் பதிலாக மகன் களமிறங்கிய ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டம் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அந்த வீட்டுக்கே கொடுத்துவிடுகிறேன்.

திண்டுக்கல் வாசகர்: யார் அந்த அப்பா, மகன்? ஒரே ஆட்டம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து ஆடினார்களா?

சேர்ந்து ஆடவில்லை, கதையே அதுதான். 1996 ஏப்ரல் 24, எஸ்டோனியாவின் தலைநகர் தாலின். வந்திருந்தது ஐஸ்லாந்து அணி, ஆட்டம் வெறும் நட்பு ஆட்டம், ஐஸ்லாந்து 3-0 என்று ஜெயித்தது, ஸ்கோரை இன்று யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அப்பா ஆர்னோர் குட்யான்சனுக்கு 34 வயது. மகன் எய்துருக்கு 17. (கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? அப்பாவான போது ஆர்னோருக்கும் 17தான்.) 62ஆவது நிமிடத்தில் அப்பாவை வெளியே கூப்பிட்டு மகனை உள்ளே அனுப்பினார்கள். ஒருவர் கோட்டைத் தாண்டி வந்த பிறகுதானே மற்றவர் போக முடியும்? அதனால் இரண்டு பேரும் ஒரு நொடிகூடக் களத்தில் சேர்ந்து நிற்கவில்லை.

ஏன் இப்படி என்றால், ஐஸ்லாந்துக் கால்பந்து சங்கத் தலைவருக்கு ஓர் ஆசை. அப்பாவும் மகனும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடுவதை வெளியூரில் யாரோ பார்ப்பானேன், நம்ம தலைநகர் ரெய்க்யவிக்கில் நம்ம ஜனங்கள் பார்க்கட்டும் என்று நினைத்தார். ஜூன் 1ஆம் தேதி அங்கே மாசிடோனியாவுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் இருந்தது, இடையில் ஐந்து வாரம்தான். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிற மாதிரி ஆட்டத்துக்கு நாள் பார்த்தார்கள். அந்த ஐந்து வாரத்துக்குள் மகன் 18 வயதுக்குட்பட்டோர் அணிக்காக அயர்லாந்துடன் ஆடப் போய்க் கணுக்காலை உடைத்துக்கொண்டார்.

அந்தக் காயத்திலேயே கிட்டத்தட்ட இரண்டு வருடம் போய்விட்டது. அப்பா 1997இல் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டார். மகன் இரண்டாவது முறை நாட்டுச் சட்டையைப் போட்டது 1999 செப்டம்பரில், அன்டோராவுக்கு எதிராக, கோலும் அடித்தார். சேர்ந்து ஆட முடியாமல் போனதுதான் தன் பெரிய வருத்தம் என்று ஆர்னோர் பிற்பாடு சொன்னார். அந்தத் தலைவர்மேல் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் கிடையாது, நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் தாலினில் ஒரு பத்து நிமிடம் விட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?

நாகர்கோவில் வாசகி: அந்தப் பெயரை எப்படித்தான் உச்சரிப்பது? ஆங்கில வர்ணனையில் 'ஐடர்' என்கிறார்கள்.

இதில் நமக்குத்தான் வசதி. பெயரின் நடுவில் இருக்கும் ஐஸ்லாந்து எழுத்து, நாம் 'அது', 'இது' என்று சொல்லும்போது வருகிற அதே 'து'தான். எய்துர். ஒரு கஷ்டமும் இல்லை. குடும்பப் பெயரைக் குட்யான்சன் என்றே வைத்துக்கொள்வோம், உள்ளூர்க்காரர்கள் சொல்வது அதைவிடச் சிக்கலானது.

இன்னொன்று. அங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, நம்மைப் போல அப்பா பெயர்தான். நாம் இனிஷியலாக முன்னால் போடுகிறோம், அவர்கள் 'சொன்' சேர்த்துப் பின்னால் போடுகிறார்கள். வழக்கப்படி இவர் 'ஆர்னோர்சொன்' ஆகியிருக்க வேண்டும். இந்த வீடு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் சில வீடுகளில் ஒன்று. நம்ம ஊர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் என்றால் ஆ. எய்துர்.

திருச்சி வாசகர்: இணையத்தில் எய்துர் ஆடிய கிளப் பட்டியலைப் பார்த்தேன். மருந்து கம்பெனிப் பிரதிநிதியின் சுற்றுப்பயணம் மாதிரி இருக்கிறது. ஓரிடத்தில் நிலைக்காதவர் எப்படிப் பெரிய ஆட்டக்காரர்?

பட்டியலை ஓட்டமாகப் படித்தால் அப்படித்தான் தெரியும். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை நாள் இருந்தார் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு மறுபடி படியுங்கள், படமே மாறிவிடும்.

ரெய்க்யவிக்கின் வாலூர் கிளப்பில் ஆரம்பித்தார். 1995இல் ஹாலந்தின் பி.எஸ்.வி. கிளப் கூட்டிக்கொண்டு போனது, அப்போது அங்கே பிரேசில் ரொனால்டோ இருந்தார். அந்த வயதில் அந்த இடம்! அப்புறம்தான் கணுக்கால் விவகாரம். ஊருக்குத் திரும்பி கே.ஆர். அணியில் கொஞ்சம் ஆடிப் பார்த்து, 1998இல் இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கு லீக்கில் இருந்த போல்டனுக்குப் போனார். ஒரு காலை நம்பி யாரும் பணம் போடத் தயங்கிய நேரத்தில் போல்டன் எடுத்தது, 2000இல் லண்டனின் செல்சி கிளப் சுமார் 40 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது.

செல்சியில் ஆறு சீசன், பார்சிலோனாவில் மூன்று. ஒன்பது வருடத்துக்கு இரண்டே கிளப். இதை நிலைக்காதவர் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஆறு சீசன் எப்படி என்று பார்க்கத் தவறியவர்களுக்காக: ஹாசல்பைங்க் என்று ஹாலந்துக்காரர் ஒருவர், பந்தைக் கண்டால் பீரங்கி மாதிரி அடிப்பவர், அவருக்குப் பக்கத்தில் நம்மவர். 2001-02 சீசனில் அவர் 29, இவர் 23, ஆக இரண்டு பேரும் சேர்ந்து 52 கோல். நெருப்பும் பனியும் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பெயர் வைத்தன. இவர் ஓடிப் பிடிக்கிற ஆள் இல்லை, அந்தக் காலுக்கு அது முடியவும் முடியாது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பந்தை வாங்குவார், பின்னால் தடுப்பு வீரர் முட்டிக்கொண்டிருப்பார், இவர் எதுவும் நடக்காத மாதிரி ஒரு தொடுதலில் பந்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கோல் அடித்தவரைத்தான் கேமரா துரத்தும்.

கேமரா இவரைத் துரத்திய நாளும் உண்டு. 2003 ஜனவரி, லீட்ஸுக்கு எதிராக, கூட ஆடிய லாம்பார்ட் தூக்கிப் போட்ட பந்து கொஞ்சம் பின்னால் வந்துவிட்டது. நின்ற வாக்கில் அப்படியே மல்லாக்கப் பறந்து சைக்கிள் கிக். தேடிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

மொரீனியோ கோச்சாக வந்து, கோல் அடிக்க ட்ரோக்பாவையும் கொண்டுவந்த பிறகு இவரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நடுக்களத்திலும் ஆட விட்டார்கள். முகம் சுளிக்காமல் ஆடினார். 2005, 2006 இரண்டு வருடமும் லீக் பட்டம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று: 2005 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் செல்சி 4-2 என்று பார்சிலோனாவை வெளியேற்றிய இரவில் முதல் கோல் இவருடையது. அடுத்த வருடம் பார்சிலோனா இவரையே வாங்கியது. 2006 அக்டோபரில் அதே செல்சி பார்சிலோனாவுக்கு வந்தபோது அவர்கள் வலையிலும் ஒன்று போட்டார். எந்த வீட்டில் சாப்பிட்டாலும் அந்த வீட்டுக்கு உழைக்கிற ஆள்.

பார்சிலோனாவில் எட்டோ, ரொனால்டினியோ, வளர்ந்துவரும் மெஸ்ஸி என்று கூட்டம் நிறைய, வாய்ப்பு குறைவு. 2009இல் அந்த அணி லீக், அரசர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் வாங்கியது. ரோமில் நடந்த இறுதி ஆட்டத்தில் இவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் சொல்லும் சுற்றுப்பயணம் 31 வயதை நெருங்கும்போதுதான் தொடங்குகிறது. மொனாக்கோ, ஒரு கோல்கூட இல்லை. லோனில், அதாவது கொஞ்ச நாளுக்குக் கடனாக, லண்டனின் டாட்டன்ஹாம், கொஞ்சம் மூச்சு வந்தது. ஸ்டோக்கில் பெஞ்ச், ஃபுல்ஹாமில் லோன். 2011இல் ஏதென்ஸின் ஏ.இ.கே. கிளப்; விமான நிலையத்திலேயே ரசிகர்கள் திருவிழாக் கூட்டமாக வந்து தூக்கிக்கொண்டாடினார்கள், அக்டோபரில் ஒலிம்பியாகோஸ் கோல்கீப்பரோடு மோதிக் கால் முறிந்தது. 33 வயதில் வேறொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். இவர் பெல்ஜியம் போனார். அங்கே செர்க்கிள் ப்ரூஹ என்ற சின்ன கிளப்பில் சேர்ந்து நன்றாக ஆடியதும், சில மாதத்தில் அதே ஊர்ப் பெரிய கிளப்பான க்ளப் ப்ரூஹ இழுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு கிளப்புக்கும் ஒரே மைதானம்தான். கிளப் மாறியவருக்கு பஸ் ரூட் மாறவில்லை.

மறுபடி போல்டன், அப்புறம் சீனாவில் ஷிஜியாஜுவாங், பிறகு நார்வேயில் மோல்டே. பணத்துக்காகச் சுற்றினார் என்று எழுதுபவர்கள் உண்டு. சீனாவுக்கு வேண்டுமானால் அதைச் சொல்லலாம். 36 வயதில், அதுவும் இரண்டாம் அடுக்கில் இருந்த போல்டனுக்கு டிசம்பர் குளிரில் திரும்பிப் போனதைப் பணக் கணக்கில் எப்படி எழுதுவது?

சேலம் வாசகர்: அப்பா எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? மகனால்தான் பெயர் தெரிகிறதா?

நம் ஊரில் அப்படி. பெல்ஜியத்தில் போய்க் கேட்டால் அப்பாவைத்தான் முதலில் சொல்வார்கள். மகன் பிறந்த அதே 1978இல் லோகரன் கிளப்புக்குப் போனவர், பிறகு அதே நாட்டு ஆண்டர்லெக்ட் கிளப்பில் வரிசையாக மூன்று லீக் பட்டம், 1986-87இல் 19 கோலோடு அந்த நாட்டு லீக்கிலேயே அதிக கோல். ஐஸ்லாந்துக்காக 73 ஆட்டம். மகன் பந்து உதைத்து வளர்ந்ததே பெல்ஜியத்தில்தான். சுற்றுவது இந்த வீட்டுக்குப் புதிது இல்லை. ஐஸ்லாந்தில் லீக் என்பதே கோடைக்காலச் சமாச்சாரம், கால்பந்தையே தொழிலாக வைத்துப் பிழைக்க வேண்டும் என்றால் கப்பலோ விமானமோ ஏறித்தான் ஆக வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு காயம் உண்டு, காலில் அல்ல. 1984இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூ.இ.எஃப்.ஏ. கோப்பை இறுதி, இரண்டாவது ஆட்டம், லண்டனில் டாட்டன்ஹாமின் வைட் ஹார்ட் லேன் மைதானம். பெனால்டி வரைக்கும் போனது. டாட்டன்ஹாம்காரர் ஒருவர் அடித்ததை ஆண்டர்லெக்ட் கோல்கீப்பர் பிடித்ததும், உயிர் வந்தது என்று நினைத்து அடுத்து வந்தார் ஆர்னோர். அடித்தார், டோனி பார்க்ஸ் பாய்ந்து தடுத்தார், கோப்பை போனது. 2010இல் மகன் லோனில் போனது அதே டாட்டன்ஹாமுக்கு. ஃபுல்ஹாமுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் அதே மைதானத்தில் கோலும் அடித்தார். வீட்டில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்களோ.

புனேயிலிருந்து ஒரு தமிழ் வாசகர்: எய்துர் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்ததே?

வருவதாகத்தான் இருந்தது. 2016இல் புனே சிட்டி அவரை இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனுக்கு நட்சத்திர வீரராக ஒப்பந்தம் செய்தது. சீசன் ஆரம்பிக்கும் முன்பே காயம், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, அவர் இடத்தில் முகமது சிசோகோ வந்தார். அடுத்த வருடம் ஓய்வை அறிவித்துவிட்டார். நம் மண்ணில் அவர் ஆடியதைப் பார்த்தேன் என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள்.

தூத்துக்குடி வாசகி: நாட்டுக்காக ஆடியதில் மறக்க முடியாதது எது?

2013 நவம்பர், ஜாக்ரெப். குரோஷியாவிடம் 2-0 தோற்று உலகக் கோப்பை வாய்ப்பு கைநழுவிய இரவு. டி.வி. மைக் முன்னால் நின்று, இதுவே நாட்டுக்காக என் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். அப்புறம் 2015 மார்ச்சில் கஜகஸ்தானில் திரும்பி வந்து கோல் அடித்தார், ஐரோப்பிய நாடுகளுக்கான 2016 யூரோ கோப்பைக்கு 37 வயதில் போனார். அப்போது சுமார் மூன்றேகால் லட்சம் பேர் இருந்த நாடு, நம் கணக்கில் ஒரு நடுத்தர ஊர், காலிறுதி வரைக்கும் போனது. பிரான்ஸிடம் 5-2 தோற்ற ஆட்டத்தில் ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது இவர் இறங்கினார். கேப்டன் குன்னர்சன் தன் கைப்பட்டையைக் கழற்றி இவர் கையில் மாட்டிவிட்டார். அதுவே கடைசி. 88 ஆட்டம், 26 கோல்.

மதுரை வாசகர்: அடுத்த தலைமுறை?

மூன்று மகன்கள், மூன்று பேருமே ஆட்டக்காரர்கள்: ஸ்வெய்ன் ஆரோன், ஆண்ட்ரி லூகாஸ், டேனியல் டிரிஸ்டன். இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன், டென்மார்க், பெல்ஜியம் என்று பெட்டி தூக்குவதில் அப்பாவுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

2021 அக்டோபர் 11, லீக்டன்ஸ்டைனுடன் ஆட்டம். மூத்தவர் ஸ்வெய்னும் அடுத்தவர் ஆண்ட்ரியும் இரண்டு பேருமே களத்தில். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அண்ணன் தலையால் தட்டிவிட்ட பந்தைத் தம்பி கோலுக்குள் தள்ளினார். அப்பா உதவி கோச்சாக ஓரத்தில் இருந்தார். இது நடந்த இடம் ரெய்க்யவிக்கின் லாகர்தால் மைதானம். 1996 ஜூன் 1ஆம் தேதிக்கு நாள் பார்த்து வைத்திருந்தார்களே, அதே மைதானம்.