திருநெல்வேலி பாமசி வாசலுக்குச் சாய்வு போடுவது பற்றி

வணக்கம் அக்கா. யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பாமசி வாசலில் இரண்டு படி, மொத்தம் 14 அங்குலம், அப்பாவின் வீல் செயார் ஏறாது, முதலாளி சீமெந்து போடச் சம்மதம் என்று எழுதியிருந்தீர்கள். சம்மதம் கிடைத்ததே பாதி வேலை. ஆனால் மேசன் சொல்லும் நான்கு அடிச் சாய்வுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றும்போது தள்ளுபவர் திணறுவார், இறக்கும்போது கதிரை கையை மீறி ஓடும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதுதான் கணக்கு. ஆக 14 அடி. நேரே இழுத்தால் றோட்டில் போய் நிற்கும், அதனால் கடைச் சுவரோடு பக்கவாட்டில் கொண்டுபோங்கள். அகலம் 3 அடிக்குக் குறையக் கூடாது. கதவடியில் 5 அடிச் சமதளமும் வெளிப்பக்கம் கைபிடியும் வேண்டும். மேலே மாபிள் வேண்டவே வேண்டாம், மாரியில் வழுக்கும் (முதலாளிமாருக்கு மாபிள் என்றால் ஒரு விருப்பம்!). சீமெந்து ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள்.

வாய்க்காலுக்கு மேலே வருமென்றால் முதலில் நல்லூர் பிரதேச சபையில் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளையும் குறிப்பிடுங்கள். அதுவரை, கதிரையில் இருந்தபடியே எட்டும் உயரத்தில் வாசலில் ஒரு பெல் பூட்டச் சொல்லுங்கள்.