வாகன வினா விடை: சரிவில் இறங்கும் ஏடிவியை எது பிடித்து நிறுத்துகிறது?

கேள்வி: ஹற்றனுக்கு அப்பால் எங்கள் குடும்பத்துக்குச் சிறியதொரு தேயிலைக் காணி இருக்கிறது. கொழுந்து மூட்டைகளையும் உரத்தையும் ஏற்றி இறக்குவதற்காகப் பாவித்த ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சில்லு வண்டி) ஒன்றை வாங்கினோம். ஃபோர் வீல் பொத்தானை அழுத்திவிட்டு ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எந்தச் சரிவிலும் வண்டி தானாகவே மெல்ல இறங்கும் என்று விற்றவர் சொன்னார். ஆனால் மழைக்குப் பிறகு மண் பாதையில் இறங்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. பொத்தானில் ஏதும் பழுதா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பொத்தானில் பழுது இருக்க வேண்டிய அவசியமில்லை. விற்றவர் சொன்னது சில வண்டிகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. எஞ்சின் சில்லுகளைத் தள்ளும்போது நான்கு சில்லுகளுக்கும் வலு போகிறதா என்பது ஒரு கேள்வி. இறக்கத்தில் சில்லுகள் எஞ்சினைத் தள்ளும்போது, எஞ்சினின் எதிர்ப்பு நான்கு சில்லுகளுக்கும் வந்து சேர்கிறதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ‘ஆம்’ என்றிருக்கும் எல்லா வண்டிகளிலும் இரண்டாவதற்கும் ‘ஆம்’ என்றிருக்காது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். வண்டியும் சாரதியும் சேர்ந்து 400 கிலோகிராம் என்றும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 125 சென்ரிமீற்றர் என்றும், பாரத்தின் மையம் நடுவில் நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சமதரையில் ஒவ்வொரு அச்சின் மீதும் 200 கிலோகிராம் அழுத்துகிறது. 20 பாகைச் சரிவில் சீரான வேகத்தில் இறங்கும்போது முன் அச்சின் மீதான அழுத்தம் ஏறக்குறைய 260 கிலோகிராமாகக் கூடி, பின் அச்சில் 117 கிலோகிராம் மட்டுமே மிஞ்சுகிறது. அதே வேளை வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 137 கிலோகிராம். எஞ்சினின் எதிர்ப்பு பின்சில்லுகளுக்கு மட்டும் போனால், 117 கிலோகிராம் அழுத்தத்தை வைத்துக்கொண்டு அந்தச் சில்லுகள் 137 கிலோகிராம் விசையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஈரமண்ணில் டயரின் பிடி, அதன் மேல் அழுத்தும் பாரத்தின் பாதியைக்கூட எட்டுவது அரிது. எனவே பின்சில்லுகள் பிடி இழக்கும். பிடி இழந்த சில்லு நேராகவும் போகும், பக்கவாட்டிலும் போகும். நீங்கள் காண்பது இதைத்தான். அதே எதிர்ப்பை நான்கு சில்லுகளும் பகிர்ந்துகொண்டால் தேவைப்படும் பிடி மொத்த அழுத்தத்தின் மூன்றிலொரு பங்கைச் சற்றே தாண்டும். அது பல பாதைகளில் கிடைக்கக்கூடியது.

முன்சில்லுகளுக்கு எதிர்ப்பு வந்து சேர்வதும் சேராததும் முன் அச்சின் அமைப்பைப் பொறுத்தது. யமஹா கிரிஸ்லி போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் தண்டுகளால் நேரடியாகப் பிணைக்கப்படுகின்றன. எஞ்சின் தள்ளினாலும் இழுத்துப் பிடித்தாலும் முன்சில்லுகளுக்குப் பங்கு உண்டு. போலாரிஸின் பல மாதிரிகளில் முன்புறம் உருளைக் கிளச் இருக்கும். பின்சில்லுகள் வழுக்கி முன்சில்லுகளைவிட வேகமாகச் சுழலத் தொடங்கும்போது அந்த உருளைகள் இறுகி முன்சில்லுகளையும் இழுக்கச் செய்கின்றன. ஏற்றத்துக்கு இது அருமையான ஏற்பாடு. சாரதி எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் நிலைமை தலைகீழாகிறது. எஞ்சின் பின்சில்லுகளைத் தாமதப்படுத்த, முன்சில்லுகள் அவற்றைவிட வேகமாக ஓடுகின்றன. கிளச் இறுகுவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. இந்தக் குறையை நிரப்பவே அந்த நிறுவனம் சில மாதிரிகளில் இறக்கக் கட்டுப்பாடு என்ற தனித் தெரிவைச் சேர்த்தது. அதனைத் தெரிவு செய்து, குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுமையாக விட்டால் மட்டுமே முன்சில்லுகளும் எதிர்ப்பில் சேரும். உங்கள் வண்டியின் கையேட்டில் ‘எஞ்சின் பிரேக்’ பற்றிய பகுதியை எடுத்து, நான்கு சில்லுகளுக்குமா, பின்சில்லுகளுக்கு மட்டுமா என்று பாருங்கள். கையேடு கிடைக்காவிட்டால் பின்சில்லுகளுக்கு மட்டும்தான் என்று எண்ணி ஓட்டுவதே பாதுகாப்பு.

இரண்டாவது விடயம் பெல்ட். பெரும்பாலான ஏடிவிகளில் பற்சக்கரக் கியர்ப்பெட்டிக்கு முன்னால், இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் இறப்பர் பெல்ட் ஒன்று இருக்கிறது. எஞ்சின் பக்கத்துக் கப்பியின் இரு தட்டுகளும் வேகம் கூடும்போது நெருங்கிப் பெல்ட்டைப் பிடிக்கும்; எஞ்சின் மெதுவானால் விலகிக்கொள்ளும். சாதாரண அமைப்பில், நடை வேகத்தில் இறங்கும்போது தட்டுகள் விலகி, பெல்ட் தளர்ந்து, வண்டி நியூட்ரலில் விட்டதுபோல் திடீரென்று ஓடத் தொடங்கும். யமஹாவின் அல்ட்ராமேட்டிக் முறையில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். ஒரு திசையில் மட்டும் பூட்டிக்கொள்ளும் கிளச் ஒன்று, சில்லுகள் எஞ்சினைத் தள்ளும்போது இணைப்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. போலாரிஸின் ஈபிஎஸ் (EBS) எனும் எஞ்சின் பிரேக் முறையும் ஒருதிசை பெயாரிங் ஒன்றைக் கொண்டே இதைச் செய்கிறது. ஹொண்டாவின் பல மாதிரிகளில் பெல்ட்டே இல்லை. பற்சக்கரங்கள்தான் என்பதால் இணைப்பு இயல்பாகவே உறுதியானது. மலைக்காணிக்கு வண்டி தேடுபவர் என்னிடம் கேட்டால், குதிரைவலுவைவிட இந்த ஒரு வேறுபாட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் பாதையில் நீங்கள் செய்யக்கூடியது இது. சரிவு தொடங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி, கியர் நெம்பை எல் (L – குறைவேகக் கியர்) நிலைக்கு மாற்றி, ஃபோர் வீலைப் போடுங்கள். நடுச்சரிவில் மாற்றப் போக வேண்டாம். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, நேர் கீழாக இறங்குங்கள். பின்பக்கம் விலகத் தொடங்கினால், பின்சில்லுகள் மீண்டும் உருள்வதற்குப் போதுமான அளவு, கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை மிகச் சிறிது தொட்டு, வேகத்தை முன் பிரேக்கால் மெதுவாக அடக்குங்கள். பின் தட்டில் உள்ள மூட்டை இறக்கத்தில் பின்சில்லுகளுக்குப் பிடி கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அதே மூட்டை ஏற்றத்தில் முன்பக்கத்தைத் தூக்கிவிடும்.

கேள்வி: நான்கு சில்லுகளிலும் நல்ல பிரேக் இருக்கும்போது எஞ்சினைப் பிரேக்காகப் பயன்படுத்துவது எதற்கு? எஞ்சின் தேய்ந்துவிடாதா?
– தெஹிவளை வாசகர்

பதில்: அவிசாவளை–ஹற்றன் வீதியில் கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் சாரதிகள் கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குவதன் காரணமே இங்கும் பொருந்தும். 400 கிலோகிராம் வண்டி 100 மீற்றர் உயரத்திலிருந்து சீரான வேகத்தில் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 390 கிலோஜூல். ஒரு லீட்டர் தண்ணீரைக் கொழும்பு வெயிலின் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது தாராளமாகப் போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் இதில் பெரும்பகுதி சிறிய டிஸ்குகளிலும் பிரேக் எண்ணெயிலும் போய்ச் சேரும். டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. ஈரம் உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 பாகை. நமது காற்றின் ஈரப்பதனில் எண்ணெய் விரைவாகவே ஈரமுறிஞ்சும். எண்ணெய் கொதித்தால் பிரேக் நெம்பு கைப்பிடி வரை தளர்ந்து வரும்; வண்டி நிற்காது.

தேய்மானம் பற்றிய பயம் தேவையற்றது. ஆக்சிலரேட்டரை விடும்போது காற்று வழி மூடிக்கொள்கிறது. அரைகுறை வெற்றிடத்துக்கு எதிராகப் பிஸ்டன் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவையும் உட்புற உராய்வும்தான் வண்டியைப் பிடிக்கின்றன. சிலிண்டரில் காற்றை அழுத்துவதுதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளும்போது அந்தச் சக்தியில் பெரும்பகுதியைத் திரும்பக் கொடுத்துவிடுகிறது. எல் நிலை இந்த எதிர்ப்பைப் பெருமளவு கூட்டுவதால்தான் இறக்கத்தில் அது அவசியமாகிறது.

கேள்வி: நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்த ஏடிவி ஏற்றத்தின் நடுவில் நின்று பின்னுக்கு உருளத் தொடங்கியது. அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: உடலை மேட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு முன் பிரேக்கை மட்டும் மெதுவாக இறுக்க வேண்டும். பின்னுக்கு உருளும் வேளையில் பின் பிரேக்கைச் சட்டென்று மிதித்தாலோ ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ, பின் அச்சைச் சுற்றி வண்டி தலைகீழாகப் புரளக்கூடும். முற்றாக நின்ற பின்னரே பின் பிரேக்கையும் தரிப்புப் பிரேக்கையும் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். ஏறுவதற்கு முன் தொலைபேசியின் சாய்வுமானியால் சரிவை அளந்து பார்ப்பதும் நல்லது. சில உற்பத்தியாளர்கள் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவு வேண்டாம் என்கிறார்கள். 100 மீற்றர் கிடைத்தூரத்துக்கு 47 மீற்றர் உயர்வு என்பதால் அது கேட்கும்போது தோன்றுவதைவிடக் கடுமையானது. ஒருவருக்கான ஆசனத்தில் இருவர் ஏறினால் அந்த எல்லையும் செல்லாது.

கேள்வி: ஓடையைக் கடந்து வந்த பின் எஞ்சின் சத்தம் போடுகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. பெல்ட்டை மாற்ற வேண்டுமா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: உடனடியாக வேண்டாம். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். ஈரமான பெல்ட் ஏற்றத்தில் இழுக்காததுபோலவே இறக்கத்தில் பிடிக்கவும் பிடிக்காது. ஆகவே அந்த நிலையில் சரிவுக்குப் போக வேண்டாம். பெட்டியின் அடியிலுள்ள வடிகால் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, சமதரையில் நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சில முறை உயர்த்தி விடுங்கள். காற்றோட்டத்தில் பெல்ட் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் வழுக்கினால்தான் பெல்ட்டை மாற்ற வேண்டும். பஞ்சிகாவத்தையில் வாங்குவதானால் பழைய பெல்ட்டின் மேல் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். நீளம் சரியாக இருந்து அகலம் சற்றுக் குறைந்திருந்தாலும் அது கப்பியின் ஆழத்தில் அமர்ந்து வழுக்கும்.