இன்றைய மதிப்பீடுகளை வைத்து வரலாற்றைத் திரும்ப எழுதலாமா?

"அந்தக் காலத்து ஆட்களை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்காதே" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள். என்னிடமும் சொன்னார்கள். தராசு இந்தக் காலத்தது என்று யார் சொன்னது?

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயரில் அரசன் கரூர்ப் பக்கத்து வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது தச்சர், கொல்லர், தட்டார் முதலான கைவினைஞர்களுக்கு, விடுத்த ஆணை அது. 15ஆம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் அவர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகச் செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சிலேயே இருக்கிறது. பேரூரிலும் இதே மாதிரி ஆணை உண்டு.

இனிமேல் செருப்புப் போடலாம் என்றால் அதுவரை போட விடவில்லை என்றுதானே பொருள்? அது அநியாயம் என்று அன்றைக்கே சிலருக்குத் தோன்றியதால்தான் ஆணை வந்திருக்கும்.

நானும் கம்மாளர் வீட்டுப் பிள்ளை. எங்கள் அப்பாரு தச்சர். எங்கள் ஊர்க் கோயில் வாசக்கால் அவர் இழைத்தது. கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை கேட்டார்கள் என்று இந்தக் கல்வெட்டைப் பற்றி ஆசையாக எழுதிக் கொடுத்தேன். மலர் வந்தது. செருப்பு, சாந்து எதுவும் அதில் இல்லை. "மன்னர் கம்மாளர்களுக்குச் சிறப்பு விருதுகள் தந்து கௌரவித்தார்" என்று ஒரே வரி. கீழே என் பெயர்.

கமிட்டிப் பெரியவரிடம் கேட்டேன். "ஏனுங் தம்பி, இப்ப எல்லாரும் ஒண்ணாமண்ணா இருக்கறோம், அதையப் போய் எதுக்குக் கிளறோணும்?" என்றார். நல்ல மனுசன்தான், எங்கள் வீட்டு விசேஷம் எதையும் விட்டதில்லை. ஆனால் தடை விலகிய கதையை விருது வாங்கிய கதையாக மாற்றியது யார்? இன்றைக்கு சௌகரியமாக இருக்கட்டும் என்று வரலாற்றைத் திருத்தியது அவர்கள்தான். கல்லில் இருப்பதை இருக்கிறபடி எழுதியவன் நான்.

சாதிச் சண்டை மூட்டுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். இன்றைக்கு இருக்கும் யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் தங்களுக்குக் கீழே என்று நினைத்தவர்களைத் திண்ணையில் ஏற்றியதில்லை. அப்படிக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு இப்படி ஓர் ஆணை வந்ததாக நான் படித்ததே இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். பழைய பெருமை எதையும் இடிக்கச் சொல்லவும் இல்லை. பவானியில் தொடங்கி ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகிறது. அதை வெட்டுவித்தவரைக் கும்பிடுங்கள், மண் சுமந்தவர்களையும் சேர்த்துப் பேசுங்கள்.

அப்புறம் இன்னொன்று. திருப்பணி என்று சொல்லிப் பல கோயில்களில் பழைய கற்சுவரில் மெஷின் வைத்து மணலைப் பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கல் பளிச்சென்று ஆகிறது, கல்வெட்டு எழுத்து மழுங்கிப் போகிறது. மறுவாசிப்பு கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு வருபவர்களில் ஒருவராவது அங்கே போய் மறித்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், முதலில் கல்வெட்டு தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் படியெடுத்து வையுங்கள்.