காற்றடைத்த பெட்டி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்யும்போது தன் ஏஆர்-3ஏ (அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் மாடல்) ஸ்பீக்கர் ஜோடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு குப்பையில் போட மனம் வரவில்லை. கீழ் சுரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்கள், அந்த இரண்டு ஊஃபர்களிலும் விளிம்பு ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. ஒரு பெட்டியில் நடு சுரங்களுக்கான மிட்ரேஞ்ச், மேல் சுரங்களுக்கான ட்வீட்டர் இரண்டுமே பேசவில்லை. அதைத் திறந்தால் உள்ளே மஞ்சளாக, கையெல்லாம் அரிக்கிற பழைய பஞ்சு. அதை எடுத்து எறிந்துவிட்டுச் சுத்தமான தலையணைப் பஞ்சை அடைத்திருக்கிறேன். கெப்பாசிட்டர்களை எல்லாம் உயர்தர ஃபிலிம் வகைக்கு மாற்றினால்தான் பலன் தெரியும் என்று நண்பர் சொல்கிறார். ஜோடிக்கு 400 டாலர் ஆகும். எந்தக் கம்பெனியுடையதை வாங்கலாம்? உள்ளே இருக்கும் வயர்களை மாற்றலாமா? ட்வீட்டரை இணையத்தில் வாங்கலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒரு வரிக்காக. ‘எடுத்து எறிந்துவிட்டு.’ குப்பை வண்டி வந்து போய்விட்டதா? போகவில்லை என்றால் இதை இங்கேயே நிறுத்திவிட்டு, முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு போய் அந்தப் பஞ்சை எடுத்து வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கொஞ்ச நாளாகவே இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பழைய ஸ்பீக்கரைச் சரிசெய்யக் கிளம்புகிற எல்லோரும் கெப்பாசிட்டரைப் பற்றியே கேட்கிறார்கள். அது காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள். பெட்டியில் எங்கே காற்று கசிகிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. ஏஆர்-3ஏ விஷயத்தில் அது ஊர்ப்பட்ட அபத்தம். ஏனென்றால் அந்த ஸ்பீக்கரின் முக்கியமான உதிரிப் பாகமே காற்றுதான்.

ஊஃபரின் கோன், அதாவது அதிரும் காகிதக் கூம்பு, முன்னும் பின்னும் போய்வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதை நடுநிலைக்கு இழுத்து வர ஒரு ஸ்பிரிங் வேண்டும். 1950களின் தொடக்கம் வரை கோனின் விளிம்பும் பின்னாலிருக்கும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் அந்த வேலையைச் செய்தன. கோன் நிறைய நகரும்போது அவை ஒரே சீராக இழுப்பதில்லை; கீழ் சுரங்கள் கரகரத்தன. எட்கர் வில்ச்சர் அதைத் தலைகீழாக யோசித்தார். விளிம்பைத் தொளதொளவென்று ஆக்கிவிட்டு, இறுக மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வைத்தார். அவருடைய முதல் சோதனை ஊஃபருக்கு அவர் மனைவி ரோஸ்மேரி மெத்தைத் துணியை வெட்டித்தான் விளிம்பு செய்து கொடுத்தார். 1954இல் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் ஏஆர் கம்பெனியைத் தொடங்கினார். உங்களிடம் இருப்பது 1967இல் வந்த மாடல்.

அதன் 12 அங்குல ஊஃபரை வெளியே வைத்து அளந்தால் இயல்பதிர்வு (தட்டிவிட்டால் தானாக அதிரும் வேகம்) 18 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். பெட்டியில் பூட்டினால் 42. விறைப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறுவது. 42ஐ 18ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: சுமார் 5.4. அதில் விளிம்பும் ஸ்பைடரும் தருவது 1தான். கோனை இழுத்துப் பிடிக்கும் விசையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பெட்டிக் காற்றுடையது. அதில் ஓட்டை விழுந்தால், நானூறு டாலர் கெப்பாசிட்டர் என்ன செய்யும்?

இப்போது அந்தப் பஞ்சுக்கு வருகிறேன். அது மெத்தைப் பஞ்சு இல்லை, கண்ணாடி நார். காற்று அமுங்கும்போது சூடாகிறது; கண்ணாடி நார் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, விரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. அதனால் காற்று இன்னும் மிருதுவான ஸ்பிரிங்காகிறது, சின்னப் பெட்டி பெரிய பெட்டி போல நடந்துகொள்கிறது. கூடவே 42 ஹெர்ட்ஸில் ‘தொம்’ என்று மேலெழுவதையும் அடக்குகிறது. தலையணைப் பஞ்சின் இழை தடிமன், அதே எடைக்கு இழைகள் குறைவு; இந்த வேலையை அந்த அளவுக்குச் செய்யாது. வெளியே போய்விட்டது என்றால் காகிதம் ஒட்டாத கண்ணாடி நார் சுருள் வாங்கி, பிய்த்து உதிர்த்துப் போடுங்கள். 20 அவுன்ஸ், அதாவது 570 கிராம் சுமார், என்பது வழக்கமான கணக்கு. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கிறது. நல்லவேளை, நீங்கள் இன்னொரு பெட்டியை விட்டுவைத்தீர்கள். அதிலிருப்பதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதே எடையைப் போடுங்கள். திணிக்காதீர்கள். ஊஃபருக்குப் பின்னால் மெல்லிய துணி ஒன்றைப் பரப்புங்கள். நார்த் தூள் வாய்ஸ் காயிலுக்குள், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருளுக்குள், போனால் தீராத உரசல்.

ஃபோமுக்கும் இதே நியாயம்தான். ‘12 அங்குலம்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாறுவீர்கள். ஏஆர் ஊஃபருக்கென்றே வெட்டியதாக இருக்க வேண்டும்; உள் விளிம்பின் சரிவு கோனின் சரிவோடு படிய வேண்டும். ‘ஆயுசுக்கும் வரும்’ என்று ரப்பர் வளையம் விற்பார்கள். வரும்தான், ஆனால் அது கனம், விறைப்பு. வில்ச்சர் பாடுபட்டு நீக்கிய ஸ்பிரிங்கை நீங்கள் காசு கொடுத்துத் திரும்பப் பொருத்துவீர்கள். புது ஃபோம் போட்டபின் வெளியே வைத்து அளந்தால் இயல்பதிர்வு 20களில் இருக்கலாம், ஓட ஓட இறங்கும். 30ஐத் தாண்டினால் தவறான ஃபோம்.

ஒட்டுவது பெரிய வித்தையில்லை, பொறுமை வேண்டும். பழைய பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். கோன் காகிதம், ஊற விடாதீர்கள். காய்ந்தால் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பசை போதும். முதலில் கோனோடு உள் விளிம்பை ஒட்டி ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு வெளி விளிம்பு. அந்தப் பசை இறுகுவதற்குள் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாகக் கொடுத்து, காதை அருகே வைத்துக் கேளுங்கள். உரசினால் ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சத்தம் நிற்கும் இடத்தில் விட்டு 24 மணி நேரம் தொடாதீர்கள். நடுவில் இருக்கும் மூடியை வெட்டச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. வெட்டாதீர்கள், அது காற்றுக்கு இன்னொரு வாசல். பூட்டும்போது ஊஃபரை அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள். ஐம்பது வருடம் ஒரே பக்கம் தொங்கிய கோன் அது.

பூட்டுவதற்கு முன்: பழைய அடைப்பு மெழுகு கல்லாகியிருக்கும். சுரண்டிவிட்டுக் கயிறாக உருட்டிய புது புட்டி (putty, அடைப்பு மாவு) வையுங்கள். சிலிக்கோன் பசை வேண்டவே வேண்டாம். வினிகர் நாற்றம் அடிக்கும் சிலிக்கோனின் ஆவி செம்பை அரிக்கும். மறுபடி ஊஃபரைக் கழற்றும்போது மரமும் கூடவே வரும். திருகுகளை கார் சக்கரம் மாட்டுவதுபோல எதிரெதிராக முடுக்குங்கள்.

பிறகு சோதனை. கோனை விரல்களால் சமமாக, அரை அங்குலத்துக்குள், அழுத்திப் பத்து நொடி பிடித்திருங்கள். உள்ளழுத்தம் மெல்லக் கசிந்து சமமாகும். விட்டால் கோன் ஊர்ந்து ஊர்ந்து திரும்ப வேண்டும், போன காற்று அதே நுண்ணிய வழியாகத்தானே திரும்பி வர வேண்டும்? டக்கென்று துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை. 30 ஹெர்ட்ஸை ஓட விட்டு, ஊதுபத்தி ஒன்றை ஏற்றி ஊஃபர் விளிம்பு, பின்பக்கம் திருப்பும் குமிழ்கள், வயர் முனைகள் என்று சுற்றி வாருங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே புட்டி. கோன் பக்கம் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

கெப்பாசிட்டர். மூன்றுதான்: ட்வீட்டருக்கு 6 மைக்ரோஃபாரட், மிட்ரேஞ்சுக்கு 50, ஊஃபருக்கு 150. கெப்பாசிட்டரின் ஒரு கம்பிமுனையைக் கழற்றிவிட்டு, மைக்ரோஃபாரட் காட்டும் மீட்டரில் அளந்து பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் 6க்கு ஃபிலிம், மற்ற இரண்டுக்கும் சாதாரண நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) எலக்ட்ரோலிடிக். கம்பெனிப் பெயர் கேட்டீர்கள். எதுவானாலும் சரி. வயர்களைத் தொடாதீர்கள்.

ட்வீட்டர் வாங்காதீர்கள். முக்கால் அங்குலக் குவிந்த சவ்வு (டோம்) அது. அசலுக்கு ஈடாக வேறொன்று பொருந்துவது கடினம். மீட்டரில் சில ஓம் காட்டினால் உயிரோடிருக்கிறது. முன்பக்கம் ஓடும் மயிரிழைக் கம்பியில் விரல் படாமல் பாருங்கள். பழி பெரும்பாலும் பின்பக்கமிருக்கும், மிட்ரேஞ்ச், ட்வீட்டர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்களுடையது. உள்ளே பாத்திரத்தில் ஏறுவதுபோல் களிம்பு ஏறியிருக்கும். முதலில் இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்து உயிர் வந்தால் அதுதான் நோய். வயர்களைப் படம் எடுத்துக்கொண்டு, ஊஃபர் துளை வழியாகக் கழற்றி, திறந்து, வினிகரில் ஊறப்போட்டு, மெல்லிய ஸ்டீல் வூலால் தேயுங்கள். நம் வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போடுவதுபோலத்தான். நன்றாக அலசி, ஈரமில்லாமல் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அதற்கும் முன்னால், பின்பக்கம் பாருங்கள். 1, 2, டி (T) என்று மூன்று திருகு முனைகள் இருக்கும். 2ஐயும் டியையும் இணைக்க ஒரு சின்ன உலோகத் தகடு வேண்டும். அது இல்லையென்றால் ஊஃபர் மட்டும்தான் பேசும். வீடு மாறும்போது தொலைந்திருக்கலாம். ஒரு துண்டுச் செப்புக் கம்பியை இரண்டுக்கும் நடுவே முறுக்கிவிட்டு, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.