உப்பில்லாத தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே சுமார் 150 வீடுகள் உள்ள கிராமம் எங்களுடையது. அடிகுழாயில் உப்புத் தண்ணீர். அதனால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தெருக்குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். உப்பில்லை, தெளிவாகவும் இருக்கிறது. தொட்டியையும் ஒழுங்காகக் கழுவுகிறார்கள். ஆனாலும் ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் கடைசித் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு. காய்ச்சிக் குடித்தால் போதுமா, டாக்டர்?

பதில்: கடைசித் தெருவில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. அதுதான் முக்கியம். தொட்டியில் கோளாறு என்றால் ஊர் முழுக்கப் படுத்திருக்கும். தண்ணீர் தொட்டிக்கும் உங்கள் குடத்துக்கும் நடுவில்தான் கெடுகிறது.

கடைசித் தெருவில் அழுத்தம் குறைவு. அதனால் நம் ஊர்களில் குழாயடியில் இடுப்பளவு குழி தோண்டி, குழிக்குள் குடத்தை இறக்கிப் பிடிப்பார்கள். மழைநாளில் அந்தக் குழியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் தேங்கும், கோழி இறங்கி மேயும், பக்கத்துச் சாக்கடையும் கசிந்து சேரும். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. தொட்டி வால்வை மூடியதும் குழாயில் இருக்கும் தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும், பின்னால் வெற்றிடம் உண்டாகும். அப்போது மூழ்கிக் கிடக்கும் குழாய் வாயும் விரிசல் விட்ட இணைப்பும் குழித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதல் குடத்தில் வருவது அதுதான். யாராவது வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாது.

சரி, காய்ச்சினால்? நன்றாகக் கொதிக்க விடுங்கள், கிருமி சாகும். ஆனால் உப்பு போகாது. வயல் உரத்திலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும், கைக்குழந்தைக்கு ஆகாத நைட்ரேட் என்ற ரசாயனமும் போகாது. எனவே கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க அடிகுழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

கிருமியைக் கொல்லத் தொட்டியில் கலக்கும் குளோரினைத் தொட்டியடியில் மட்டும் சோதித்துவிட்டுப் போகக் கூடாது. உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். குளோரினுக்காகப் போடும் பிளீச்சிங் பவுடரைத் திறந்து வைத்தால் அந்த மூட்டை மழைக்காற்றில் வீரியம் இழந்துவிடும்; அதை எத்தனை கரண்டி போட்டும் பயன் குறைவு.

பிள்ளைக்குப் போக ஆரம்பித்ததும் ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கலக்கக் கூடாது. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும், போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், எந்த வீட்டில், எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கசிவை அடைக்கவும் குழாயைத் தரைக்கு மேல் ஏற்றவும் ஊராட்சியில் மனுக் கொடுக்கும்போது அதை இணையுங்கள். ஏற்றினால் தண்ணீர் ஏறாது என்பார்கள். அப்படியானால் குழிக்குச் சிமெண்ட் பூசி, தேங்கும் நீர் வடிய வழி செய்யக் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் ஒரு நகல் கொடுங்கள். தண்ணீர் மாதிரி எடுக்க அவர் உங்கள் தெருவுக்கே வர அந்தத் தாள் உதவும்.